கரியைப் போட்டு பஸ் ஓட்டியவர்!

நாங்குநேரி என்றதும் நெல்லைச் சீமை மக்களுக்கு நினைவுக்கு வருவது எண்ணெய்க் கிணறு.

அங்கே வானமாமலைப் பெருமாளுக்கு நாள்தோறும் எண்ணெய்க் காப்பு நடக்கிறது. அந்த எண்ணெய் கோவிலில் உள்ள கிணற்றில் சேருகிறது. நோய் தீர்க்கும் மருந்து என்று நம்பி, மக்கள் அதைப் பக்தியோடு வாங்கிச் செல்கிறார்கள்.

அது உடம்புக்கு ஆகிற எண்ணெய். மோட்டார் வண்டிக்கு வேறு எண்ணெய் வேண்டும். அதுதான் பெட்ரோல். அந்தக் காலத்தில் அது கடல் கடந்து, கப்பலில் வர வேண்டும்.

ஒரு சமயம் அந்தக் கடல் வழி அடைபட்டது. பெட்ரோல் இல்லை. பஸ்கள் நிற்க வேண்டிய நிலை.

அப்போது, அடுப்புக்கரியைப் போட்டு பஸ்ஸை ஓடச் செய்தார் ஒருவர். அவரும் நாங்குநேரி தாலுகாவில் பிறந்தவர்தான்.

அவர்தான் டி.வி.எஸ். என்று நாடறிந்த சுந்தரம் அய்யங்கார்.

மலையடிவாரத்துப் பிள்ளை

நாங்குநேரியில் இருந்து சில மைல் தூரத்தில், மகேந்திரகிரி மலையின் அடிவாரத்தில் இருக்கிறது திருக்குறுங்குடி. நம்பி கோவிலால் பேர் பெற்ற ஊர். டி.வி.எஸ். என்ற மூன்று எழுத்துகளில் முதல் எழுத்து இந்த ஊரைத்தான் குறிக்கிறது.

1877-ம் ஆண்டு மார்ச் மாதம் 22-ந் தேதி சுந்தரம் அய்யங்கார் அங்கே பிறந்தார்.

படித்து வக்கீல் ஆனார். பிறகு ரெயில்வேயில் உத்தியோகம் பார்த்தார். அதன் பிறகு பாங்கியிலும் வேலை செய்தார்.

மாதம் பிறந்தால் சம்பளம். ஊரில் மரியாதை. அந்தக் காலத்தில் வேறு என்ன வேண்டும்?

ஆனால் அவருக்கு அது போதவில்லை. சொந்தமாகத் தொழில் செய்ய வேண்டும் என்ற ஆசை பிடித்துக்கொண்டது. உத்தியோகத்தை உதறினார். 1911-ம் ஆண்டு மோட்டார் தொழிலில் இறங்கினார்.

மோட்டார் வண்டியைக் கண்டால் மாடு மிரண்டு ஓடிய காலம் அது. ரெயில் போகாத ஊர்களுக்குக் கட்டை வண்டிதான் கதி. பிரசவ வேதனையில் துடிக்கும் பெண்ணையும் மாட்டு வண்டியில்தான் கொண்டுபோக வேண்டும்.

அந்த நாளிலே பஸ் விட்டார் சுந்தரம் அய்யங்கார். தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே ஓடிய பஸ், அவருடைய ஆரம்பகால முயற்சிகளில் ஒன்று. பின்னாளில் மதுரை அவருடைய தொழிலுக்குத் தலைநகரம் ஆயிற்று.

டின்னில் வந்த பெட்ரோல்

அந்த நாளில் பஸ் நடத்துவது லேசான வேலை அல்ல.

இன்று தெருவுக்குத் தெரு பெட்ரோல் பங்க் இருக்கிறது. வண்டியை நிறுத்தினால், குழாயை எடுத்து அளந்து போட்டு விடுகிறார்கள். ஆரம்ப காலத்தில் பெட்ரோல் தகர டின்களில் வந்தது. டாங்கியின் வாயில் புனலை வைத்து, தூசி போகாதபடி வடிகட்டி, சிந்தாமல் ஊற்ற வேண்டும். பக்கத்தில் யாரும் பீடி பற்ற வைத்து விடக் கூடாது. ஒரு பொறி போதும், வண்டியே சாம்பலாகி விடும்.

பஸ் புறப்படும் முன்பே, போய்ச் சேரும் அளவுக்குப் பெட்ரோல் இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். நடுவழியில் தீர்ந்து போனால் வாங்க இடம் கிடையாது.

இத்தனை கஷ்டத்திலும், சொன்ன நேரத்தில் பஸ் வர வேண்டும் என்பதில் சுந்தரம் அய்யங்கார் கண்டிப்பாக இருந்தார். டி.வி.எஸ். பஸ் வருவதைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்தி வைத்துக்கொள்ளலாம் என்று மதுரைப் பக்கத்துப் பெரியவர்கள் சொல்வது வழக்கம்.

பெற்ற மகளின் துயரம்

தொழில் வளர்ந்தது. ஆனால் வீட்டில் ஒரு பெருந்துயரம் வந்து சேர்ந்தது.

அவருடைய மகள் சவுந்தரம். இளம் வயதிலேயே திருமணம் ஆயிற்று. மாப்பிள்ளை டாக்டர். பிளேக் நோய் அவரைக் கொண்டு போய்விட்டது.

இளம் விதவையை வீட்டின் மூலையில் உட்கார வைத்து விடுவது அன்றைய வழக்கம். சுந்தரம் அய்யங்கார் அப்படிச் செய்யவில்லை. மகளைப் படிக்க வைத்தார். டெல்லிக்குப் போய் மருத்துவம் படித்து, டாக்டரானார் சவுந்தரம்.

அதே மகள் ஜி.ராமச்சந்திரனை மறுமணம் செய்துகொள்ள விரும்பியபோது, பெற்றோர் முதலில் சம்மதிக்கவில்லை. 1940-ம் ஆண்டு காந்தியடிகளின் ஆசியோடு அந்தத் திருமணம் நடந்தது. பின்னர் கணவனும் மனைவியும் 1947-ம் ஆண்டு திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தை உருவாக்கினார்கள்.

யுத்தம் வந்தது

1939-ம் ஆண்டு இரண்டாவது உலக யுத்தம் மூண்டது.

அப்போது இந்தியாவில் எண்ணெய் எடுத்த இடங்கள் மிகவும் குறைவு. அஸ்ஸாமில் உள்ள திக்பாய் அவற்றில் ஒன்று. பர்மா எண்ணெயைத்தான் பெரிதும் நம்பி இருந்தோம்.

1942-ம் ஆண்டு மார்ச் மாதம் ரங்கூன் நகரம் ஜப்பானியர் கையில் விழுந்தது. அடுத்த மாதமே, எதிரிக்குக் கிடைக்கக் கூடாது என்று பர்மாவின் எண்ணெய்க் கிணறுகளை வெள்ளைக்காரர்களே தகர்த்து விட்டார்கள்.

இருந்த பெட்ரோல் ராணுவத்துக்குப் போயிற்று. மற்றவர்களுக்குப் பங்கீட்டு முறையில் அளந்து கொடுத்தார்கள்.

பஸ் இருக்கிறது. டிரைவர் இருக்கிறார். பிரயாணிகள் காத்திருக்கிறார்கள். டாங்கியில் ஊற்ற எண்ணெய்தான் இல்லை!

பஸ் நின்றால் முதலாளிக்கு மட்டும் நஷ்டம் அல்ல. டிரைவர், கண்டக்டர், கிளீனர் குடும்பங்களில் அடுப்பு எரியாது. நோயாளி ஆஸ்பத்திரிக்குப் போக முடியாது. காய்கறி சந்தைக்கு வராது.

சுந்தரம் அய்யங்காருக்கு அப்போது வயது அறுபத்தைந்து. ஓய்வு எடுத்துக்கொள்ளும் வயது. அவர் ஓய்ந்து உட்காரவில்லை.

கரியில் இருந்து காஸ்

பெட்ரோல் இல்லாவிட்டால் என்ன, நம் நாட்டில் கரி இருக்கிறதே!

கரியில் இருந்து காஸ் எடுத்து மோட்டாரை ஓட்டலாம் என்பது ஐரோப்பாவில் ஏற்கனவே தெரிந்த விஷயம். யுத்த காலத்தில் அங்கே கார், லாரி, படகுகூட இப்படி ஓடின. சுந்தரம் அய்யங்கார் நம் ஊர் பஸ்சுக்கு ஏற்ற கருவியை வடிவமைத்து, தயாரித்தார். அதற்கு டி.வி.எஸ். காஸ் பிளாண்ட் என்று பெயர்.

இந்த வகைக் கருவி எப்படி வேலை செய்கிறது?

வண்டியோடு ஓர் இரும்பு உருளையைப் பொருத்தி, மேல்புறமாக மூட்டையில் இருந்து மரக்கரியைக் கொட்டுவார்கள். பிறகு மூடியை இறுக மூடி விடுவார்கள். அடியில் நெருப்பு வைத்து, துருத்தி போன்ற விசிறியைச் சுற்றுவார்கள்.

உள்ளே போகும் காற்று கொஞ்சம்தான். அதனால் கரி முழுதாக எரியாது. அரைகுறையாக எரிந்து ஒரு காஸ் உண்டாகும். கார்பன் மோனாக்சைடு என்பது அதன் பெயர். அது தீப்பற்றி எரியக் கூடியது. அந்தக் காசைக் குழாய் வழியே கொண்டுபோய், சாம்பலும் தூசியும் போக வடிகட்டி, சூடு தணித்து, காற்றோடு கலந்து என்ஜினுக்குள் அனுப்ப வேண்டும். என்ஜின் ஓடத் தொடங்கும்!

ஒரு லிட்டர் பெட்ரோல் செய்கிற வேலையைச் செய்ய, ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ கரி ஆகும்.

கஷ்டமும் உண்டு. பெட்ரோல் வண்டி மாதிரி உடனே புறப்பட முடியாது. கரி கனியும் வரை காத்திருக்க வேண்டும். வேகமும் இழுவையும் குறைவு. மேடு வந்தால் மூச்சு வாங்கும். வடிகட்டியை அடிக்கடி சுத்தம் செய்யாவிட்டால் என்ஜின் கெட்டுவிடும்.

ஆபத்தும் உண்டு. அந்தக் காசுக்கு நிறம் இல்லை, மணமும் இல்லை. சுவாசித்தால் உயிருக்கே உலை வைத்துவிடும். அதனால் மூடிய கொட்டகைக்குள் கருவியை மூட்டக் கூடாது. வெட்டவெளியில்தான் மூட்ட வேண்டும்.

விடியும் முன்பே எழுந்து, புகையிலும் கரித்தூளிலும் நின்று விசிறி சுற்றியவர்கள் கிளீனர்கள். பிரயாணிகளின் வெள்ளை வேட்டியிலும் கரி ஒட்டியது. ஆனாலும் மக்கள் கரி பஸ்ஸில் ஏறினார்கள். மெதுவாகப் போனாலும் ஊர் போய்ச் சேர்ந்தார்கள்!

யுத்தம் முடிந்தது. பெட்ரோல் மறுபடியும் கிடைத்தது. கரி உருளைகளைக் கழற்றி வைத்தார்கள். பிறகு பஸ்களில் டீசல் என்ஜின் வந்தது.

விட்டுச் சென்ற பாடம்

பழைய டயரைப் புதுப்பிக்கும் தொழிற்சாலை, மெட்ராஸ் ஆட்டோ சர்வீஸ், சுந்தரம் மோட்டார்ஸ் என்று அவருடைய தொழில் விரிந்தது. பிற்காலத்தில் பொறுப்புகளைப் பிள்ளைகளிடம் ஒப்படைத்து விட்டு ஒதுங்கினார். 1955-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் 28-ந் தேதி, கொடைக்கானலில், 78-வது வயதில் காலமானார்.

1970-களில் பஸ் போக்குவரத்து நாட்டுடைமை ஆனபோது, அவர் தொடங்கி வைத்த பஸ்களும் அரசிடம் சென்றன. ஆனால் டி.வி.எஸ். என்ற பெயர் மறையவில்லை. மோட்டார் தொழிலில் இன்றும் அது நிலைத்து நிற்கிறது. மதுரையில் ஒரு பகுதிக்கே டி.வி.எஸ். நகர் என்று பெயர்.

இன்றும் நாம் எரிக்கும் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் வேண்டிய கச்சா எண்ணெயில் பெரும் பகுதி கப்பலில்தான் வருகிறது. கடலில் எங்கோ சண்டை மூண்டால், நம் ஊர்ப் பங்கில் விலை ஏறுகிறது.

திருக்குறுங்குடியில் பிறந்தவர், எண்ணெய் வரவில்லையே என்று தலையில் கை வைத்து உட்காரவில்லை. கையில் இருந்த கரியை எடுத்தார். பஸ் ஓடியது!

நாங்குநேரி எண்ணெய்க் கிணற்றைப் பார்க்கப் போகிறவர்கள், இந்த நாங்குநேரி தாலுகாக்காரரையும் ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளலாம்.