இருபத்து மூன்று நாள் பயணம்

வீரபாண்டிய கட்டபொம்மன் என்றதும் தமிழர் நெஞ்சில் எழுவது இராமநாதபுரத்தில் அவர் ஆங்கிலேயக் கலெக்டர் ஜாக்சனை நேருக்கு நேர் சந்தித்த காட்சியே. தெருக்கூத்தும் நாடகமும் திரைப்படமும் அக்காட்சியை மீண்டும் மீண்டும் நம் கண்முன் நிறுத்தியுள்ளன. ஆயினும் அந்தச் சந்திப்பை அடைவதற்கு அவர் 23 நாள்கள், ஏறத்தாழ 400 மைல் தொலைவு அலைந்தார் என்பதைப் பலர் அறியார். குற்றாலத்துச் சாரலில் தொடங்கி அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்துக் கரிசல் நிலத்தைக் கடந்து சேது நாட்டில் முடிந்த அப்பயணத்தைப் பற்றிக் கூத்துமேடை அதிகம் பேசுவதில்லை. போர் நிகழாத பயணம் ஆதலின் அதில் மேடைக்கு ஏற்ற காட்சி குறைவு. ஆனால் கட்டபொம்மனின் உள்ளத்தை அறிய விரும்புவோர்க்கு இராமநாதபுரத்துச் சில மணி நேரத்தைவிட அந்த 23 நாள்களே மிகுதியாகப் பயன்படும்.

பாளையமும் வரியும்

1760ஆம் ஆண்டு சனவரி 3ஆம் நாள் செகவீர கட்டபொம்மனுக்கும் ஆறுமுகத்தம்மாளுக்கும் மகனாகப் பிறந்தவர் வீரபாண்டியன். ஊமைத்துரையும் துரைச்சிங்கமும் அவருடைய தம்பியர். தம் முப்பதாம் அகவையில், 1790இல், பாஞ்சாலங்குறிச்சியின் பாளையக்காரராகப் பொறுப்பேற்றார். நாயக்கர் காலத்தில் உருவான பாளையங்களின் தலைவர்கள் தம் எல்லைக்குள் வரி தண்டினர், வழக்குத் தீர்த்தனர், காவல் புரிந்தனர், வேண்டும்போது படை திரட்டினர். மக்கள் கண்ணுக்கு அவர்களே அரசர்.

1792இல் ஆர்க்காட்டு நவாபுடன் செய்துகொண்ட உடன்படிக்கையால் பாளையங்களில் கப்பம் பெறும் உரிமை கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. நவாபின் ஆட்களிடம் வாதாடவும் காலம் தாழ்த்தவும் முடிந்தது. கம்பெனியோ கணக்கேட்டை விரித்து வைத்துக்கொண்டு கேட்டது. மழை பொய்த்தால் விளைச்சல் இல்லாத வானம் பார்த்த பூமிக்கும் தவணை தவறாத வரிக்கும் இடையே பாளையக்காரர்கள் சிக்கினர். 1798 மே முடிவில் கட்டபொம்மன் செலுத்த வேண்டிய நிலுவை 3310 வராகன் எனக் கம்பெனி கணக்கிட்டது. வராகன் என்பது மூன்றரை ரூபாய் மதிப்புள்ள பொற்காசு.

அப்போது இராமநாதபுரத்தில் கலெக்டராக இருந்தவர் ஜாக்சன். பாஞ்சாலங்குறிச்சியின்மீது படையனுப்ப அவர் விரும்பினார். சென்னை அரசு இசையவில்லை. எனவே 1798 ஆகஸ்டு 18ஆம் நாள், இரண்டு வாரத்திற்குள் இராமநாதபுரத்திற்கு வந்து தம்மைக் காணவேண்டும் என்று கட்டபொம்மனுக்கு ஆணை விடுத்தார்.

புறப்பாடு

ஆணையில் குறித்த ஊர் இராமநாதபுரம். ஆணையிட்டவரோ அங்கே இல்லை. ஜாக்சன் திருநெல்வேலிச் சீமையில் சுற்றுப்பயணம் மேற்கொண்டிருந்தார். பாஞ்சாலங்குறிச்சியிலிருந்து இராமநாதபுரம் கிழக்குப் பக்கம். நேர்வழியில் சில நாள்களில் சென்று சேரலாம். ஆனால் கலெக்டர் மேற்கே குற்றாலத்தில் இருக்கிறார் என்று அறிந்த கட்டபொம்மன், ஆகஸ்டு இறுதியில் தம் அமைச்சர் சிவசுப்பிரமணியனாருடனும் பரிவாரத்துடனும் மேற்கு நோக்கிப் புறப்பட்டார். குறித்த கெடுவுக்குள் கலெக்டரைக் கண்டுவிட வேண்டும் என்பதே அவர் எண்ணம்.

குற்றாலத்தில் அவருக்குப் பேட்டி மறுக்கப்பட்டது. கலெக்டரின் முகாம் நகர்ந்தது. சொக்கம்பட்டி, சிவகிரி, சேத்தூர் எனத் தொடர்ந்த வழியில் கட்டபொம்மனும் பின்சென்றார். திருவில்லிபுத்தூரில் மீண்டும் மறுப்பே கிடைத்தது. இராமநாதபுரத்தில்தான் காண முடியும் என்று சொல்லிவிட்டனர்.

இதிலுள்ள இழிவு வெறும் காத்திருப்பால் வந்ததன்று. தம் பாளையத்தில் பிறரைக் காக்கவைக்கும் உரிமையுடைய ஒருவர், மற்றப் பாளையக்காரர்களின் ஊர்கள் வழியே, அவர்களும் அவர்தம் குடிகளும் பார்த்திருக்க, ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் கூடாரத்தைத் தேடித் திரிந்தார். வழியில் பகைமை பாராட்டியோர் நாடுகளும் இருந்தன. அங்கிருந்தே அவர் திரும்பியிருக்கலாம். அவ்வாறு திரும்பியிருந்தால் ஆணையை மீறினார் என்ற ஒரே வரியில் ஜாக்சன் தம் குற்றச்சாட்டை எழுதியிருப்பார். சென்னை அரசு மறுத்த படைக்கு அதுவே போதிய காரணமாகியிருக்கும். கட்டபொம்மன் அந்த வரியை எழுத இடங்கொடுக்கவில்லை. குதிரையைக் கிழக்கே திருப்பினார்.

கரிசல் வழி

திருவில்லிபுத்தூருக்குப் பின் பேரையூர், பாவாலி, பள்ளிமடம், கமுதி என்பன அவர் சென்ற வழியாகச் சொல்லப்படுகின்றன. மேற்கு மலையின் நிழல் பேரையூரோடு முடிகிறது. பாவாலி இன்றைய விருதுநகரை அடுத்துள்ளது. அங்கிருந்து கிழக்கே அருப்புக்கோட்டைப் பகுதியைக் கடந்தால் திருச்சுழி. அதன் அருகே குண்டாற்றங்கரையில் பள்ளிமடம். சுந்தரர் பாடிய பழம்பதியாகிய திருச்சுழியின் கோயிலும் பள்ளிமடத்துக் கற்றளியும் அன்றும் வழிப்போக்கர்க்கு அடையாளமாக நின்றிருந்தவை.

ஆவணி கழிந்து புரட்டாசி பிறக்கும் பருவம் அது. குற்றாலத்தில் சாரல் இன்னும் ஓய்ந்திராது. நான்கைந்து நாள் பயணத்தொலைவில் உள்ள திருச்சுழிக் கரிசலிலோ அந்தச் சாரலின் ஒரு துளியும் விழுவதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலை மழையைத் தன் பக்கத்திலேயே பிடித்துக்கொள்ள, வெறுங்காற்று மட்டும் புழுதியை வாரிக்கொண்டு கிழக்கே வீசும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை வந்தால்தான் இந்நிலத்திற்கு வாழ்வு. அதற்கு முந்தைய வாரங்களில் நீர்நிலைகள் வறண்டிருக்கும். கண்மாய்கள் காய்ந்து, அடிச்சேறு பாளம்பாளமாக வெடித்துக் கிடக்கும். பருத்திக்கும் கம்புக்கும் சோளத்துக்கும் உழுதிட்ட நிலம் விதைப்புக்குக் காத்திருக்கும்.

கரிசல் மண் குதிரைக்கு எளிய மண்ணன்று. ஈரம் பட்டால் களியாகிக் குளம்பைப் பற்றிக்கொள்ளும். காய்ந்தால் குளம்பு இறங்கும் அளவுக்கு வாய்பிளக்கும். ஆதலால் உழவு நிலத்தை விட்டு வண்டித்தடத்திலும் கண்மாய்க்கரையிலும் குதிரைகளை நடத்துவர். விடியுமுன் புறப்பட்டு வெயில் ஏறுமுன் ஒரு நிழலை அடைவதும், பொழுது சாய்ந்தபின் மீண்டும் புறப்படுவதும் இந்நாட்டுப் பயணமுறை. நிழலும் எளிதில் கிடைப்பதன்று. இன்று இவ்வட்டாரமெங்கும் அடர்ந்திருக்கும் சீமைக்கருவேல் அக்காலத்தில் இல்லை. பிற்காலத்தில் வந்து பரவிய மரம் அது. குடைபோல் விரிந்த உடைமரமும் நாட்டுக்கருவேலும் பனையும் ஊர்ப்புறத்து வேம்பும் புளியுமே அன்றைய நிழல்.

நிழலினும் அரிது நீர். ஒரு குதிரை நாளொன்றுக்கு ஏறத்தாழ முப்பது லிட்டர் நீர் அருந்தும். வெயிலில் நடந்தால் இன்னும் வேண்டும். பரிவாரமாகச் செல்வோர்க்கு எந்த ஊர் ஊருணியில் நீர் உள்ளது, எந்தக் கிணறு உவர்ப்பு என்று முன்கூட்டி அறிந்து வரும் ஆள் வேண்டும். குண்டாறு அம்மாதங்களில் மணலாகவே கிடக்கும். மணலைத் தோண்டி ஊற்றுக் கண்டு, ஊறும்வரை பொறுத்திருந்து இறைத்துத்தான் மனிதரும் விலங்கும் தாகம் தீர்க்க இயலும். தீவனத்துக்குக் கொள்ளும் சோளத்தட்டையும் ஊர்களில்தான் பெறவேண்டும். தம் ஊருணி நீரை அயலாரின் குதிரைகளுக்கு விடுவதா என்பதை வறண்ட காலத்தில் ஓர் ஊர் எளிதில் முடிவு செய்வதில்லை. அந்நாட்டைப் பரிவாரத்துடன் கடப்பதென்றால் வழியோரக் குடிகளின் நல்லெண்ணம் இன்றியமையாதது. வரிக்கணக்கை மட்டும் அறிந்தவர்க்கு இந்நிலம் 3310 வராகன். அதன்மேல் நடப்பவர்க்கு அது ஒவ்வொரு வேளையும் தேடிப் பெறவேண்டிய ஒரு குடம் நீர்.

கமுதியில் குண்டாற்றங்கரையில் சேதுபதிகள் கட்டிய கோட்டை உண்டு. அங்கே சேது நாடு தொடங்கிவிட்டது என்பதோடு கட்டபொம்மனுக்கு மற்றொன்றும் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். முத்துராமலிங்க சேதுபதியைக் கம்பெனி 1795இல் பதவியிலிருந்து நீக்கித் திருச்சிராப்பள்ளியில் சிறைவைத்திருந்தது. தாம் செல்லும் அரண்மனையின் உடையவர் கதி இது என்பதை அறிந்தே அவர் சென்றார்.

கோட்டைக்குள்

1798 செப்டம்பர் 19ஆம் நாள் இராமநாதபுரத்தில் சந்திப்பு நிகழ்ந்தது. கட்டபொம்மனும் சிவசுப்பிரமணியனாரும் மூன்று மணி நேரம் கலெக்டர் முன் நின்றுகொண்டே இருக்க நேர்ந்தது. பின்னும் விடைகொடுக்கப்படவில்லை, கோட்டைக்குள்ளேயே தங்குமாறு ஜாக்சன் பணித்தார். சேதுபதியின் முடிவு தமக்கும் நேரும் என ஐயுற்ற கட்டபொம்மன் வெளியேற முயன்றார். ஊமைத்துரை வீரர்களுடன் உள்ளே புகுந்து துணைநின்றார். இராமலிங்க விலாசத்தின் வாயிலில் நடந்த கைகலப்பில் லெப்டினன்ட் கிளார்க் உள்ளிட்ட சிலர் மாண்டனர். கட்டபொம்மன் தப்பினார். சிவசுப்பிரமணியனார் பிடிபட்டார்.

பாஞ்சாலங்குறிச்சி சேர்ந்ததும் கட்டபொம்மன் வாளை எடுக்கவில்லை, எழுத்தாணியைத்தான் நாடினார். தமக்கு இழைக்கப்பட்ட அவமதிப்பைச் சென்னை ஆட்சிக்குழுவிடம் முறையிட்டார். ஆளுநர் எட்வர்டு கிளைவ் சிவசுப்பிரமணியனாரை விடுவித்து, ஜாக்சனைப் பணியிடைநீக்கம் செய்தார். வில்லியம் பிரௌன், வில்லியம் ஓரம், ஜான் காசாமேஜர் ஆகிய மூவர் குழு விசாரணைக்கு அமர்ந்தது. 1798 டிசம்பர் 15ஆம் நாள் கட்டபொம்மன் அதன்முன் தோன்றி நடந்ததை எடுத்துரைத்தார். அவர்மீது குற்றமில்லை என்று குழு கண்டது. ஜாக்சன் பதவி இழந்தார். ஒரு பாளையக்காரரின் முறையீட்டால் கம்பெனியின் கலெக்டர் பதவி பறிபோவது அக்காலத்தில் அரிய நிகழ்ச்சி. அழைத்த இடத்திற்கெல்லாம் சென்று பேட்டி மறுக்கப்பட்ட அந்த 23 நாள்கள், ஆணையை மீறினார் என்னும் பழியிலிருந்து அவரைக் காத்தன. நிலுவையின் பெரும்பகுதியும் செலுத்தப்பட்டு 1080 வராகனே எஞ்சியது.

மறுமுறை வந்த ஆணை

ஜாக்சனுக்குப்பின் லூஷிங்டன் கலெக்டரானார். கட்டபொம்மன் பிற பாளையக்காரர்களோடு கூடிக் கம்பெனிக்கு எதிராக அணிதிரட்டுகிறார் என்ற செய்திகள் சென்னைக்கு எட்டின. 1799இல் மேஜர் பானர்மேன் தலைமையில் படை வந்தது. செப்டம்பர் 4ஆம் நாள் பாளையங்கோட்டையில் தம்மை வந்து காணுமாறு பானர்மேன், அம்மாதம் முதல் நாள் கட்டபொம்மனுக்கு ஆணை விடுத்தார்.

பாளையங்கோட்டை மிக அண்மையிலுள்ள ஊர். முந்தைய ஆண்டு ஓர் அழைப்புக்காக 400 மைல் நடந்தவர் இம்முறை அந்தச் சிறு தொலைவைக் கடக்கவில்லை. செப்டம்பர் 5ஆம் நாள் கம்பெனிப் படை பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் தாக்கியது. பின்னர்க் கோட்டையை விட்டு வெளியேறிய கட்டபொம்மன் புதுக்கோட்டைப் பகுதிக் காட்டில் பிடிபட்டார். சிவசுப்பிரமணியனார் நாகலாபுரத்தில் தூக்கிலிடப்பட்டார். அக்டோபரில், வரவழைக்கப்பட்ட பாளையக்காரர்கள் கண்முன்னே, கயத்தாற்றில் கட்டபொம்மனும் தூக்கிலேற்றப்பட்டார். பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை தரைமட்டமாக்கப்பட்டது.

பாளையங்கோட்டைச் சிறையில் அடைக்கப்பட்ட ஊமைத்துரை 1801 பிப்ரவரியில் தப்பினார். இடிந்த கோட்டை மண்ணால் மீண்டும் எழுந்தது. குண்டாற்றங்கரைக் கமுதி அந்த ஆண்டின் வரலாற்றில் மீண்டும் இடம்பெறுகிறது. அங்கே வந்து சேர்ந்த ஊமைத்துரையைச் சின்ன மருது எதிர்கொண்டு, தம் தலைநகராகிய சிறுவயலுக்கு அழைத்துச் சென்றார்.