பல்பு எடிசனும் கான்கிரீட் எடிசனும்

எடிசன் என்றதும் நம் எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருவது மின்சார பல்பு. அடுத்து கிராமபோன், அதற்கடுத்து சினிமா. எலக்ட்ரிக்கல் பிரிவு நண்பர்கள் அவரைத் தங்கள் பெயருக்கே பட்டா போட்டு வைத்திருக்கிறார்கள். சிவில் பிரிவு மாணவனாகிய நான் இந்த மலரின் வாயிலாக ஒரு சின்ன வழக்கு தொடுக்கிறேன். அந்த மாமனிதரில் எங்களுக்கும் ஒரு பங்கு உண்டு! சிமென்ட் தொழிற்சாலை கட்டியவர் அவர். ஒரு முழு வீட்டையும் ஒரே வார்ப்பில் ஊற்றி எடுக்க முடியும் என்று துணிந்தவர் அவர். அந்தத் துணிச்சல் எங்கே ஜெயித்தது, எங்கே சறுக்கியது என்பது நாளை ஷட்டரிங் பக்கத்தில் நிற்கப் போகிற ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்.

இளமை

தாமஸ் ஆல்வா எடிசன் 1847 பிப்ரவரி 11 அன்று அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தின் மிலன் என்ற ஊரில் பிறந்தார். பள்ளிப் படிப்பு மிகக் குறைவு. அம்மா நான்சிதான் வீட்டிலேயே சொல்லிக் கொடுத்தார். சிறுவனாக ரயிலில் பேப்பரும் மிட்டாயும் விற்றார். இளம் வயதிலேயே காது மந்தமாகிவிட்டது. தந்தி அடிக்கக் கற்று ஊர் ஊராக வேலை பார்த்தார். 1876-ல் மென்லோ பார்க்கில் ஆய்வுக்கூடம், 1877-ல் ஒலிப்பதிவுக் கருவி, 1879-ல் பல்பு, 1882-ல் நியூயார்க் பேர்ல் தெருவில் மின் நிலையம். இதெல்லாம் நாம் பள்ளியிலேயே படித்தவை. வேகமாகத் தாண்டிப் போய்விடலாம்.

மணலில் தொடங்கிய சிமென்ட்

1890-களில் எடிசன் நியூஜெர்சி மலைப்பகுதியில் இரும்புத் தாதுவைப் பிரிக்கும் பெரிய ஆலை ஒன்றை அமைத்தார். பாறையை ராட்சத ரோலர்களில் நொறுக்கி, காந்தத்தால் இரும்பைப் பிரித்தெடுக்க வேண்டும். அதற்காகத் தன் பங்குகளையே விற்றுப் பணம் போட்டார். அந்த நேரம் பார்த்து மினசோட்டாவின் மெசாபி பகுதியில் மலிவான, வளமான தாது வந்து குவிந்தது. எடிசனின் ஆலை எழுந்திருக்கவே முடியவில்லை. போட்ட பணம் போயே போச்சு!

வேறு ஒருவராக இருந்தால் தலையில் கை வைத்து உட்கார்ந்திருப்பார். எடிசன் கழிவை எட்டிப் பார்த்தார். இரும்பு பிரித்தபின் மிஞ்சிய மணலைச் சிமென்ட் உற்பத்தியாளர்கள் வாங்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். சரி, நாமே சிமென்ட் செய்தால் என்ன? 1899-ல் எடிசன் போர்ட்லண்ட் சிமென்ட் கம்பெனி பிறந்தது. நொறுக்கும் இயந்திரங்கள் மூட்டை கட்டப்பட்டு நியூ வில்லேஜ் என்ற இடத்துக்குப் போயின. அப்போது சுழலும் சூளைகள் சுமார் 60 அடி நீளம்தான் இருந்தன. எடிசன் 150 அடி நீளத்தில் கட்டினார். நீளம் கூடினால் வெப்பம் வீணாகாமல் எரிபொருள் மிச்சமாகும் என்பது அவர் கணக்கு. முதலில் முகம் சுளித்த தொழிலே பின்னால் நீளச் சூளைக்கு மாறியது. பாதை பூப்பாதை அல்ல. 1903-ல் நிலக்கரித் தூள் பகுதியில் நடந்த வெடிவிபத்தில் தொழிலாளர்கள் பலர் மாண்டார்கள். ஆலை மீண்டும் கட்டப்பட்டது.

ஒரே ஊற்றில் ஒரு வீடு

சிமென்ட் மூட்டை மூட்டையாக வருகிறது. அதை எங்கே கொண்டு போவது? 1906 வாக்கில் எடிசன் தன் கனவை வெளியே சொன்னார். நகரத்தின் நெருக்கடியில், தீப்பிடிக்கும் மரக் குடியிருப்புகளில் வாழ்கிற தொழிலாளிக்குச் சுமார் 1,200 டாலருக்குள் ஒரு கான்கிரீட் வீடு. அதில் லாபம் எதிர்பார்க்கவில்லை என்றும் அறிவித்தார். 1908-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அது கையில் கிடைத்தது 1917-ல்.

திட்டம் கேட்கவே பிரமிப்பாக இருக்கும். வார்ப்பிரும்பு அச்சுத் துண்டுகளை வீட்டின் வடிவில் நிறுத்தி போல்ட் போட்டு இணைக்க வேண்டும். சுவர், தளம், படிக்கட்டு, கூரை, குளியல் தொட்டி எல்லாமே அச்சுக்குள் அடக்கம். கம்பியையும் குழாய்களையும் முன்கூட்டியே உள்ளே வைத்துவிட வேண்டும். பிறகு உச்சியிலிருந்து கான்கிரீட்டை ஊற்ற வேண்டும். ஏறக்குறைய ஆறு மணி நேரத்தில் ஊற்றி முடித்து, சில நாளில் அச்சைக் கழற்றினால் வீடு தயார்! ஜல்லி அடியில் படிந்துவிடாமல் கலவை எல்லா மூலைக்கும் ஓட வேண்டும் என்பதற்காக, களிமண் போன்ற நுண்பொருளைச் சேர்த்துப் பார்த்தார்.

நம்ம பாடம் இங்கேதான் ஆரம்பம். கலவை தண்ணீர் மாதிரி ஓடினால், தண்ணீர் மாதிரியே பக்கவாட்டில் தள்ளவும் செய்யும். பச்சைக் கான்கிரீட்டின் எடை கன மீட்டருக்குச் சுமார் 2,400 கிலோ. மூன்று மீட்டர் உயரச் சுவரை மளமளவென்று ஊற்றினால், அடியில் ஒரு சதுர மீட்டர் பலகையை ஏழு டன்னுக்கு மேல் தள்ளும். எடிசன் வீடு அடியிலிருந்து முடி வரை எட்டு மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அடிப்பகுதி இறுகுவதற்குள் மேலே நிரம்பிவிட்டால், கீழே சதுர மீட்டருக்குப் பத்தொன்பது டன்! அதனால்தான் அச்சுக்கு மரப்பலகை போதாமல் வார்ப்பிரும்பு தேவைப்பட்டது.

மெல்லிய கம்பி, பெரிய பொறுப்பு

வெளியே முட்டுக் கொடுத்தால் போதாதா என்று கேட்கலாம். முட்டு சுவரைத் தூக்குக்குண்டு மட்டத்தில் நிறுத்தும். இரண்டு முகத்துப் பலகைகளும் ஒன்றை விட்டு ஒன்று விலகிப் போகாமல் பிடிப்பது குறுக்கே போகும் டை ராட்தான். இந்தப் பக்கத் தள்ளலும் அந்தப் பக்கத் தள்ளலும் சமம். கம்பி நடுவில் நின்று இரண்டையும் ஒன்றோடொன்று கட்டிப் போடுகிறது. கணக்குப் போட்டால் எளிது. கம்பிகள் 60 செ.மீ. இடைவெளியில் இருந்தால் ஒவ்வொன்றும் 0.36 சதுர மீட்டரைத் தாங்கும். மூன்று மீட்டர் சுவரின் அடியில் ஒரு கம்பிக்குச் சுமார் இரண்டரை டன் இழுவை.

நான் பயிற்சிக்குப் போன ஒரு சைட்டில் நிலத்தடித் தண்ணீர்த் தொட்டிச் சுவர் ஊற்றினார்கள். அடி வரிசையில் ஒன்று விட்டு ஒன்று கம்பி போட்டால் போதும், நேரம் மிச்சம் என்று மேலிருந்து உத்தரவு. மேஸ்திரி அண்ணன் தலையை ஆட்டி முணுமுணுத்தார், கேட்பார் இல்லை. ஒரு கம்பியை எடுத்தால் பக்கத்துக் கம்பியின் சுமை இரட்டிப்பாகிறது, வாலர் பைப் தாங்க வேண்டிய தூரமும் இரட்டிப்பாகிறது. மதியத்துக்குள் பைப் வளைந்தது. பலகை இடுக்கில் சிமென்ட் பால் ஒழுகியது. சுவர் வயிறு தள்ளி நின்றது. நல்லவேளை, யாருக்கும் அடியில்லை. ஊற்றுவதை நிறுத்தி, மறுநாள் முழுக்க உளி பிடித்துக் கொத்தினார்கள். மிச்சம் பிடித்த நேரத்தைப் போல எத்தனை மடங்கு செலவு!

அன்று மேஸ்திரி அண்ணன் எனக்குச் சொல்லிக் கொடுத்ததை இங்கே பகிர்ந்துகொள்கிறேன். கம்பியைப் பி.வி.சி. குழாய்க்குள் நுழைத்து இரு முனையிலும் கோன் வைக்க வேண்டும். சுவர்க் கனம் குறையாமல் காப்பதும், பின்னால் கம்பியை உருவ விடுவதும் அந்தக் குழாய்தான். மரை சுத்தமாக இருக்க வேண்டும். நட் முழுவதும் ஏறி, முனை கொஞ்சம் வெளியே தெரிய வேண்டும். தட்டு வாலர் மேல் முழுசாகப் படிய வேண்டும். உயர் இழுவலிமைக் கம்பியில் வெல்டிங் வைக்கவே கூடாது. சூடு பட்டால் நொறுங்கும் தன்மை வந்துவிடும். ஊற்றும்போது ஒரு ஆள் நட்டுகளையே பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும், ஏனென்றால் வைப்ரேட்டர் அதிர்வில் நட் இளகும். தண்ணீர்த் தொட்டி என்றால் உருவிய துளையைச் சுருங்காத கலவையால் அடைக்க வேண்டும். இல்லாவிட்டால் துளைக்குத் துளை ஒரு குழாய் திறந்த மாதிரிதான்.

ஜெயித்ததும் சறுக்கியதும்

எடிசனின் வீடுகள் நின்றன. தன் க்ளென்மான்ட் வளாகத்திலேயே கார் ஷெட்டைக் கான்கிரீட்டில் கட்டினார். 1917-ல் நியூஜெர்சியின் யூனியன் நகரில் தொழிலதிபர் சார்லஸ் இங்கர்சால் 11 வீடுகளை இந்த முறையில் எழுப்பினார். நூறாண்டு கடந்தும் அவற்றில் மக்கள் குடியிருக்கிறார்கள்.

ஆனால் லட்சக்கணக்கில் எழும் என்ற கனவு பலிக்கவில்லை. காரணம் கான்கிரீட் அல்ல, அச்சு! ஒரு வீட்டின் அச்சு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட துண்டுகள். எல்லாவற்றையும் வாங்கி, ஏற்றி இறக்கி, துண்டுக்குத் துண்டு போல்ட் முடுக்கி, கழற்றி, துடைத்து, அடுத்த மனைக்குக் கொண்டு போக வேண்டும். முதல் வீடு விற்பதற்கு முன்பே காண்டிராக்டர் பெரும் தொகையை இரும்பில் முடக்க வேண்டும். வரிசையாக நூற்றுக்கணக்கில் கட்டினால்தான் கட்டுப்படியாகும். அந்த அளவுக்கு யாரும் வரவில்லை. ஏழைகளுக்கென்றே வார்த்த வீடு என்ற பெயரும் விற்பனைக்கு உதவவில்லை. சுவரின் விலையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் ஷட்டரிங்தான் என்பதை இதைவிட நன்றாக யார் சொல்லிக் கொடுக்க முடியும்?

1914 டிசம்பர் 9 அன்று வெஸ்ட் ஆரஞ்சில் அவருடைய தொழிற்கூடம் தீப்பிடித்தது. அப்போது வயது 67. உள்ளே இருந்த மரமும் ரசாயனமும் எரிந்து சாம்பலாயின. கான்கிரீட் கட்டடங்கள் காயத்தோடு நின்றன. அவற்றைச் சீர்செய்து உற்பத்தியை மீண்டும் தொடங்கினார். 1923-ல் திறக்கப்பட்ட நியூயார்க்கின் பழைய யாங்கி ஸ்டேடியத்துக்கும் எடிசன் சிமென்ட் போனது. 1931 அக்டோபர் 18 அன்று, 84-வது வயதில், 1,093 அமெரிக்கக் காப்புரிமைகளுக்குச் சொந்தக்காரராக அவர் கண்மூடினார்.

அவருக்குப் பின்

ஒரே ஊற்றில் சுவரும் தளமும் என்ற எண்ணம் அவரோடு சாகவில்லை. நம் நகரங்களில் மிவான் என்று சொல்கிறார்களே, அந்த அலுமினிய அச்சு முறையும் அதே குடும்பம்தான். ஒரு ஆள் தூக்கும் எடையில் தகடு, போல்ட்டுக்குப் பதில் சுத்தியல் தட்டில் ஏறும் பின்னும் ஆப்பும், குறுக்கே டை. ஒரே செட்டை மாடிக்கு மாடி ஏற்றுவதால் செலவு கட்டுப்படியாகிறது. எடிசனுக்கு இடித்த இடம் இங்கே சரி செய்யப்பட்டிருக்கிறது.

மாடிக்கு மாடி ஏறும்போது இன்னொரு ஆபத்தும் கூடவே ஏறுகிறது. உயரமான கோபுரங்களில் மேல் அச்சும் சாரமும், கீழே நேற்று ஊற்றிய கான்கிரீட்டில் பதித்த ஆங்கர் போல்ட்டைப் பிடித்துத் தொங்கும். 1978 ஏப்ரல் 27 அன்று அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில், வில்லோ ஐலண்ட் குளிர்விப்புக் கோபுரத்தில் அப்படித் தொங்கிய சாரம் மொத்தமாகச் சரிந்தது. 51 தொழிலாளர்கள் மாண்டார்கள். முந்தைய நாள் கான்கிரீட் போதிய பலம் பெறுவதற்கு முன்பே சுமை ஏற்றியதுதான் முக்கியக் காரணம் என்று விசாரணை கண்டது. கம்பி எவ்வளவு உறுதியாக இருந்தாலும், அதைப் பிடித்திருக்கும் கான்கிரீட் பச்சையாக இருந்தால் பிடி ஏது?

நண்பர்களே, எடிசனிடம் கற்க வேண்டியது விடாமுயற்சி மட்டும் என்று மேடைக்கு மேடை சொல்வார்கள். நான் இன்னொன்றையும் சேர்க்கிறேன். கான்கிரீட் நிற்கப் போவது நூறு வருஷம், அச்சு நிற்பது சில நாள். அந்தச் சில நாளைச் சரியாகப் பிடித்துக் கொடுத்தால்தான் நூறு வருஷம் வரும். சுவர் எழுந்த பிறகு அதைக் கட்டிப் பிடித்த கம்பி யார் கண்ணுக்கும் தெரியாது. தெரியாத அந்தக் கம்பியை எண்ணிப் பார்த்து, நட்டை ஒரு சுற்று முடுக்கி, நேற்றைய கான்கிரீட்டின் கியூப் ரிசல்ட்டைக் கேட்டுவிட்டு ஊற்றச் சொல்பவனே நல்ல டிப்ளமோ என்ஜினியர். கேட்டால் நேரமாகிறதே என்று யாராவது கத்துவார்கள். கத்தட்டும்! கீழே நிற்பவர்கள் நம் அண்ணன் தம்பிகள்.