நிறைவோடு நின்றுவிடாத துறவி: சுவாமி விபுலாநந்தர்

ஆடி அமாவாசையன்று அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் தீர்த்தத்தில் மூழ்கி எழுபவர்களில் பலர் போரில் உறவுகளைப் பறிகொடுத்தவர்கள். பிதிர்க்கடன் செய்துவிட்டோம் என்ற ஆறுதல் அவர்களுக்குத் தேவை. ஆனால் அந்த ஆறுதலோடு ஆன்மீகம் முடிந்துவிடுகிறதா? இதே வாவிக்கரையில் பணிசெய்த சுவாமி விபுலாநந்தரின் வாழ்க்கையில் அதற்கு விடை உண்டு.

1892இல் காரைதீவில் பிறந்த மயில்வாகனன், 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதரானார். 1920இல் லண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரியானார். மானிப்பாய் இந்துக் கல்லூரி அதிபர் பதவியும் கிடைத்தது. திருப்தியோடு அமர்ந்துவிட இவையே போதும். அவரோ அனைத்தையும் விட்டு 1922இல் மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்தார், 1924இல் துறவியானார்.

காவி உடுத்ததோடும் தேடல் முடியவில்லை. ஊர் திரும்பி கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தை எழுப்பினார். ஆதரவற்ற பிள்ளைகளை அரவணைத்தார். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானபோதும் திருவேட்களத்துச் சேரிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னார். இரண்டு ஆண்டுகளில் அந்தப் பதவியையும் விட்டார். பழந்தமிழரின் யாழை இசையறிவும் கணிதமும் கொண்டு ஆராய்ந்த அவரது 'யாழ் நூல்' 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. மறுமாதம் 19ஆம் திகதி அவர் மறைந்தார்.

அவர் சமாதி கல்லடியிலேயே இருக்கிறது. அங்கே மாலை சூட்டுவதோடு நாம் நிறைவடைந்துவிட்டால், அவர் உதறிய திருப்தியைத்தான் நாம் பற்றிக்கொள்கிறோம். படுவான்கரையில் வறுமையால் படிப்பை நிறுத்திய ஒரு பிள்ளையை மீண்டும் பள்ளிக்கு அனுப்புவதும் பிதிர்க்கடனே.