நெசவாளரை வரைந்த ஓவியர்

சூரியகாந்தி மலர்கள் என்றதும், விண்மீன்கள் சுழலும் இரவு வானம் என்றதும் ஓவியர் வின்சென்ட் வான்கோ நம் நினைவுக்கு வருகிறார். வண்ணம் கொழிக்கும் அப்படங்களுக்கு முன்பே, இருண்ட குடிசைகளில் தறியோடு போராடிய ஏழை நெசவாளரை அவர் வரைந்தார் என்பதை நம்மில் பலர் அறியோம். அந்த வரலாற்றை இங்கே காண்போம்.

இளமை

ஹாலந்து நாட்டின் தென்பகுதியிலுள்ள சுந்தர்ட் என்னும் சிற்றூரில் 1853ஆம் ஆண்டு மார்ச் 30ஆம் நாள் வின்சென்ட் பிறந்தார். தந்தை புராட்டஸ்டண்டு சபைப் போதகர். 16ஆம் வயதில் ஓவியம் விற்கும் நிறுவனமொன்றில் வேலைக்கு அமர்ந்த வின்சென்ட், 1876இல் அதை இழந்தார். ஆசிரியராகவும் புத்தகக் கடை ஊழியராகவும் இருந்து பார்த்தார். எதுவும் நிலைக்கவில்லை.

1878ஆம் ஆண்டின் இறுதியில், பெல்ஜியத்தின் பொரினாஜ் நிலக்கரிச் சுரங்கப் பகுதிக்கு நற்செய்தி அறிவிக்கச் சென்றார். அங்குள்ள தொழிலாளரின் வறுமையைக் கண்டு மனம் உருகினார். தம் உடைமைகளை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு, தாமும் குடிசையில் தங்கி நோயாளிகளைப் பேணினார். ஆனால் அவரை அனுப்பிய சபையாருக்கு அவர் போக்குப் பிடிக்கவில்லை. 1879இல் அப்பணியும் பறிபோயிற்று. மறு ஆண்டு, தமது 27ஆம் வயதில், ஓவியராவது என்று முடிவு செய்தார். தம்பி தியோ பணம் அனுப்பி அவரைத் தாங்கினார்.

தறிகளின் ஊர்

1883 டிசம்பரில் பெற்றோர் வாழ்ந்த நூனென் கிராமத்துக்கு வின்சென்ட் வந்தார். அங்கே கைத்தறி நெசவாளர் பலர் இருந்தனர். எந்திர நெசவு பெருகிவந்த காலம் அது. ஒரு வாரம் முழுதும் நெய்தால் அவர்களுக்குக் கிடைத்தது ஏறத்தாழ நாலரை கில்டர் பணமே. நெசவாளி தறியில் இருக்கையில் மனைவி அருகிலிருந்து தார் சுற்றவேண்டும். நெய்ததைக் கொண்டுபோய்க் கொடுத்தபின், அடுத்த துணிக்கு ஒன்றிரண்டு வாரம் காத்திருக்க நேர்வதும் உண்டு. இவற்றையெல்லாம் தியோவுக்கு எழுதிய கடிதங்களில் வின்சென்ட் விவரித்தார்.

1884இல் அவர் குடிசை குடிசையாகச் சென்று வரைந்தார். நெசவாளர் பற்றிய எண்ணெய் வண்ண ஓவியங்கள் மட்டும் பத்தளவில் உள்ளன. நீர்வண்ணப் படங்களும் கோட்டோவியங்களும் வேறு. அவற்றை உற்று நோக்கினால், கருமையேறிய பெரிய ஓக் மரத்தறி அறையையே அடைத்து நிற்பதையும், அதன் சட்டங்களுக்குள் நெசவாளி சிறைப்பட்டவர் போல அமர்ந்திருப்பதையும் காண்கிறோம். ஒரு தறியில் 1730 என்ற ஆண்டு செதுக்கப்பட்டிருந்தது. 150 ஆண்டுகளுக்கு மேலாக எத்தனை கைகள் அதில் நாடா எறிந்தனவோ! இன்னொரு படத்தில் தறிக்கு அருகே உயர்ந்த நாற்காலியில் ஒரு குழந்தை. வேறொன்றில், சன்னலுக்கு வெளியே பழைய கோவில் கோபுரமும் வயலில் உழைக்கும் பெண்ணும் தெரிகின்றனர். நெசவாளியோ தலை நிமிராமல் வேலை செய்கிறார். அவரை அழகுபடுத்தவும் இல்லை, இழிவுபடுத்தவும் இல்லை. உள்ளபடியே வரைந்திருக்கிறார் வின்சென்ட்.

இறுதி நாட்கள்

1885இல் அதே ஊரில் 'உருளைக்கிழங்கு உண்போர்' என்ற புகழ்பெற்ற ஓவியத்தைத் தீட்டினார். பின்பு பிரான்சு சென்று ஒளி மிகுந்த வண்ணங்களைக் கண்டார். ஆயினும் வாழ்நாளில் அவர் படங்கள் அநேகமாக விற்கவில்லை. நெய்த துணிக்கு விலையில்லாத நெசவாளரின் துயரத்தை அவரும் அனுபவித்தார். மனநோயால் வாடி, 1890 ஜூலை 29 அன்று, 37 வயதிலேயே மறைந்தார். ஆறு மாதத்துக்குள் தியோவும் இறந்தார். தியோவின் மனைவி ஜோஹன்னா படங்களையும் கடிதங்களையும் காத்து, 1914இல் கடிதங்களை நூலாக வெளியிட்டார். 1973இல் ஆம்ஸ்டர்டாமில் அவருக்கென்றே அருங்காட்சியகம் திறக்கப்பட்டது.

மக்களுக்குத் தொண்டு செய்யத் தமக்குக் கிடைத்த பணியை வின்சென்ட் இழந்தார். அம்மக்கள்மீது கொண்ட அன்பை இழக்கவில்லை. எந்திரம் ஒதுக்கித் தள்ளிய மனிதரின் முன் அமர்ந்து, பொறுமையோடு அவரைப் பார்த்தார். அந்த நெசவாளரின் பெயர்களை நாம் அறியோம்; குனிந்த முதுகையும் ஓயாத கைகளையும் இன்றும் காண்கிறோம். நாம் உடுத்தும் ஆடைக்குப் பின்னும், உண்ணும் உணவுக்குப் பின்னும் அத்தகைய கைகள் உண்டு. அவற்றைக் கண்டு மதிக்கும் கண்களைப் பெறுவோமாக!