சீனிவாச இராமானுசன்

சீனிவாச இராமானுசன் (டிசம்பர் 22, 1887 - ஏப்ரல் 26, 1920) ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த கணித மேதை ஆவார்.

கல்லூரி வாழ்க்கை

1904 இல் உதவித்தொகையுடன் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் எஃப். ஏ. வகுப்பில் (பட்டப்படிப்புக்கு முந்தைய ஈராண்டுப் படிப்பு) சேர்ந்தார். கணிதத்திலேயே மூழ்கியிருந்ததால் ஆங்கிலக் கட்டுரைப் பாடத்தில் தோல்வியுற்று உதவித்தொகையை இழந்தார். வறிய குடும்பத்தால் கட்டணம் செலுத்த இயலவில்லை. 1906 இல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரிக்கு மாறினார். ஆயினும் நோயுற்றுப் படிப்பைத் தொடர முடியாது போயிற்று. கணிதம் தவிர்த்த பாடங்களில் தேறாததால் பட்டப்படிப்பின் வாயில் அடைபட்டது. கல்லூரி மாறினாலும் பாடத்திட்டம் மாறவில்லை என்பதே இங்குக் கருதத்தக்கது.

பின்னர் 1912 இல் சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் எழுத்தரானார். 1913 சனவரியில் கணிதவியலாளர் ஹார்டிக்கு எழுதிய மடல் கேம்பிரிட்ச்சு டிரினிட்டி கல்லூரிக்கு வழிகோலியது. வழக்கமான தகுதிகள் இல்லாதபோதும் 1914 இல் அங்குச் சேர்த்துக்கொள்ளப்பட்டார். 1916 மார்ச்சில் ஆய்வின் வழியே இளங்கலைப் பட்டம் பெற்றார். 1918 இல் அக்கல்லூரியின் ஆய்வுறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.