எள்ளலும் மாண்பும்: மேரி டிரெஸ்லரின் மேடை, திரை வாழ்வில் உழைக்கும் பெண்

ஆய்வுச் சுருக்கம்

கனடாவில் பிறந்து அமெரிக்க மேடையிலும் திரையிலும் புகழ்பெற்ற நடிகை மேரி டிரெஸ்லரின் (1868–1934) கலை வாழ்வை இக்கட்டுரை ஆராய்கிறது. நெடுங்கால வீழ்ச்சிக்குப் பின் எதிர்பாராமல் வாய்த்த வெற்றி என்றே அவருடைய வாழ்வு பெரும்பாலும் கூறப்படுகிறது. 1910இல் அவர் மேடையில் உருவாக்கிய பணிப்பெண் பாத்திரம், 1919ஆம் ஆண்டு நடிகர் வேலைநிறுத்தத்தில் அவர் ஏற்ற பொறுப்பு, 1930க்குப் பின் திரையில் அவர் ஏற்ற முதிய உழைப்பாளிப் பெண் பாத்திரங்கள் ஆகிய மூன்றும் ஒரே தொடர்ச்சியின் பகுதிகள் என்பது இக்கட்டுரையின் கருதுகோள் ஆகும்.

திறவுச்சொற்கள்: மேரி டிரெஸ்லர், நகை, எள்ளல், மூப்பு, உழைக்கும் பெண், நடிகர் சங்கம், பேசும்படம்

முன்னுரை

நகை என்னும் மெய்ப்பாட்டின் நிலைக்களன்களுள் எள்ளலைத் தொல்காப்பியம் முதலில் வைக்கிறது. உரையாசிரியர் பேராசிரியர் இதனை இருவகைப்படுத்துவார். தான் பிறரை எள்ளி நகுதல் ஒன்று. பிறரால் எள்ளப்பட்டவிடத்துத் தான் நகுதல் மற்றொன்று. இரண்டாவது வகை நுட்பமானது. எள்ளப்படுபவர் தாமே நகைக்கும்போது எள்ளலின் உரிமை எள்ளியவரிடமிருந்து அவரிடம் வந்து சேர்கிறது. பருத்த உடலும் அழகற்றதெனக் கருதப்பட்ட முகமும் கொண்டிருந்த டிரெஸ்லரின் கலை, இவ்விரண்டாம் வகை நகையின்மீது எழுந்தது.

அவருடைய வாழ்வை எழுதுவோர்க்கு அவர் பெயரால் வெளிவந்த இரு தன்வரலாற்று நூல்கள் உள்ளன. முதலாவது 1924இலும், இரண்டாவது அவர் மறைந்த 1934ஆம் ஆண்டிலும் வெளிவந்தன. முதல் நூல் தன்னை அழகற்ற வாத்துக்குஞ்சு என்று தலைப்பிலேயே அறிவித்துக்கொள்கிறது. பிறந்த ஆண்டு, மேடையேறிய வயது முதலியவற்றில் அவர் கூற்றுகள் முரண்படுவதால் இந்நூல்களை அப்படியே சான்றாகக் கொள்ள இயலாது. எனினும் தம் தோற்றத்தைத் தாமே நகைப்பொருளாக்கிய அவருடைய மனப்பாங்கிற்கு அவை நேர்ச்சான்றுகளாகும்.

பிறப்பும் இளமையும்

டிரெஸ்லரின் இயற்பெயர் லெய்லா மேரி கோர்பர். கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில், ஒண்டாரியோ ஏரிக்கரையில் உள்ள கோபர்க் என்னும் சிற்றூரில் 1868 நவம்பர் 9 அன்று பிறந்தார். தந்தை ஜெர்மன் மொழி பேசும் இசையாசிரியர். தேவாலயத்தில் ஆர்கன் இசைத்தவர். ஓரிடத்தில் நிலைத்துத் தங்காத இயல்பினராகையால், குடும்பம் கனடாவிலும் அமெரிக்காவிலும் ஊர்விட்டு ஊர் பெயர்ந்தது. வறுமையும் தந்தையின் கடுமையும் சூழ்ந்த இளமை அது.

பதின்பருவத்திலேயே வீட்டை விட்டு நீங்கி ஊர்சுற்றும் நாடகக்குழு ஒன்றில் அவர் சேர்ந்தார். குடும்பப் பெயரை மேடையில் வழங்கத் தந்தை இசையாமையால், உறவினர் ஒருவரின் பெயரான டிரெஸ்லர் என்பதைத் தமதாக்கிக்கொண்டார். குழுப்பாடல் பாடுவது, சிறு பாத்திரங்களில் நடிப்பது, நோயுற்ற நடிகைக்கு மாற்றாக ஒரே இரவில் பாடம் செய்து மேடையேறுவது எனக் குழு வேண்டிய அனைத்தையும் செய்தார். இசைநாடகக் குழுக்களில் பெற்ற இப்பயிற்சி, வலிய குரலையும் பெருங்கூட்டத்தை நொடியில் தன்பால் ஈர்க்கும் ஆற்றலையும் அவருக்குத் தந்தது.

மேடையில் நிலைபெறுதல்

நியூயார்க்கின் பிராட்வே அரங்கில் அவர் முதன்முதலில் தோன்றியது 1892இல். மாரிஸ் பாரிமோர் எழுதிய அந்நாடகம் சில வாரங்களே நிலைத்தது. ஆயினும் அவருடைய இயல்பான களம் நகைச்சுவையே என்பதைப் பாரிமோர் கண்டுணர்ந்து கூறினார். துன்பியல் நடிகையாகவும் இசைநாடகப் பாடகியாகவும் விளங்க வேண்டுமென்று விரும்பியிருந்த டிரெஸ்லர் அதனைத் தயக்கத்துடனேயே ஏற்றார். 1896இல் ‘தி லேடி ஸ்லேவி’ என்னும் இசை நகைச்சுவை நாடகத்தில் அரங்கப் பாடகியாக நடித்துப் பெரும்புகழ் பெற்றார்.

அக்கால நியூயார்க் அரங்கு, இசை நகைச்சுவை நாடகத்தின் நாயகியிடம் இளமையையும் மெல்லிய உடலையும் எதிர்பார்த்தது. இவற்றுள் எதுவும் இல்லாத ஒருவர் நாடகத்தின் நடுவிடத்தைப் பிடித்தது அரிதான செயல். விழுவதும் தடுமாறுவதும் முகத்தைக் கோணுவதுமான உடல்மொழியை அவர் வளர்த்துக்கொண்டார். பின்னர் லண்டன் அரங்குகளிலும் பாராட்டுப் பெற்றார். ஆனால் 1909இல் அங்குத் தாமே தயாரித்த நாடகம் தோல்வியுற்று, அவரைக் கடனில் ஆழ்த்தியது.

டில்லி என்னும் பணிப்பெண்

அத்தோல்விக்கு அடுத்த ஆண்டிலேயே அவர் வாழ்வின் பெருவெற்றி அமைந்தது. 1910இல் நியூயார்க்கில் அரங்கேறிய ‘டில்லிஸ் நைட்மேர்’ நாடகத்தில் டில்லி என்பவள் தங்கும் விடுதியொன்றில் ஓயாது உழைக்கும் பணிப்பெண். களைத்து உறங்கும் அவள் செல்வச் சீமாட்டியாகி உலகைச் சுற்றுவதாகக் கனவு காண்கிறாள். விழித்தெழும்போது மீண்டும் பணிப்பெண்ணாகவே இருக்கிறாள். நகரத்திற்கு வரும் ஏழைப்பெண்ணின் கற்பைத் தெய்வம் காக்கும் என்ற அக்கால நெகிழ்ச்சி நாடகங்களின் வாய்பாட்டைக் கேலிசெய்யும் பாடலொன்றை அவர் இதில் பாடினார். அப்பாடல் நாடெங்கும் பரவியது.

இப்பாத்திரத்தின் அமைப்பு கருதத்தக்கது. அவையோர் முதலில் டில்லியின் தோற்றத்தைக் கண்டு நகைக்கின்றனர். கனவு விரிய விரிய, அவளுக்கு மறுக்கப்பட்டவை எவை என்பதை அறிகின்றனர். கனவு கலையும்போது நகையினூடே வருத்தமும் தோன்றுகிறது.

1914இல் மாக் செனட் இயக்கிய ‘டில்லிஸ் பங்சர்ட் ரொமான்ஸ்’ வழியாக டில்லி திரைக்கு வந்தாள். ஒன்றிரண்டு சுருள்களில் நகைச்சுவைப் படங்கள் முடிந்துவிட்ட காலத்தில் இது ஆறு சுருள்கள் கொண்டிருந்தது. முதல் முழுநீள நகைச்சுவைப் படமெனக் கருதப்படுகிறது. உடன் நடித்த சார்லி சாப்ளின் அப்போது திரையுலகிற்குப் புதியவர். படத்தின் முதன்மை நடிகர் டிரெஸ்லரே. நாட்டுப்புறப் பெண்ணின் பணத்தைக் கவரும் வஞ்சகனாகச் சாப்ளினும் அவன் கூட்டாளியாக மேபல் நார்மண்டும் நடித்தனர். இறுதியில் இரு பெண்களும் அவனைக் கைவிட்டு ஒருவரையொருவர் தழுவிக்கொள்கின்றனர்.

1919ஆம் ஆண்டு வேலைநிறுத்தம்

அரங்கில் கூட்டமாகப் பாடி ஆடும் குழுக்கலைஞர்களின் நிலை அக்காலத்தில் இரங்கத்தக்கதாக இருந்தது. அவர்களுள் பெரும்பாலோர் இளம்பெண்கள். வாரக்கணக்கில் நீளும் ஒத்திகைக்கு ஊதியம் இல்லை. காலணி, உடை முதலியவற்றைச் சொந்தச் செலவில் வாங்க வேண்டும். வெளியூரில் நாடகம் நின்றுபோனால் திரும்பி வரவும் வழியிராது.

1919 ஆகஸ்டு 7 அன்று நடிகர் சங்கம் வேலைநிறுத்தம் தொடங்கியது. சில நாள்களில் குழுக்கலைஞர்களுக்கெனத் தனிச் சங்கம் உருவாயிற்று. அதன் முதல் தலைவராக டிரெஸ்லர் தேர்ந்தெடுக்கப்பட்டார். புகழ்பெற்ற நடிகையாகிய அவருக்கு இப்போராட்டத்தால் நேரடி ஆதாயம் ஏதுமில்லை. தாமும் ஒருகாலத்தில் குழுவில் நின்று பாடியவர் என்னும் நினைவே அவரை இதில் ஈடுபடுத்தியது எனலாம். ஏறத்தாழ ஒரு மாதம் நீடித்த போராட்டம் செப்டம்பர் 6 அன்று நடிகர்களின் வெற்றியுடன் முடிந்தது. அரங்க உரிமையாளர்கள் சங்கத்தை ஏற்றனர். ஊதியமின்றி ஒத்திகை நடத்துவதற்கு வரம்பும் விதிக்கப்பட்டது.

மேடையில் பணிப்பெண்ணாக நடித்துப் புகழ்பெற்றவர், மேடைக்கு வெளியே அரங்கின் கடைநிலை உழைப்பாளிகளுக்குத் தலைவரானார். இவ்விரண்டையும் தனித்தனியே வைத்து நோக்கும்போது அவர் கலையின் அடிப்படை புலப்படாமற் போகிறது.

வாய்ப்பற்ற ஆண்டுகள்

1920களில் டிரெஸ்லருக்கு மேடை வாய்ப்புகள் அருகின. வேலைநிறுத்தத்தில் முன்நின்றதை உரிமையாளர்கள் மறக்கவில்லை என்பது ஒரு கருத்து. ஐம்பதைக் கடந்த அவர் வயதையும், போருக்குப் பின் மாறிய அவையோர் சுவையையும் காரணமாகச் சேர்த்துக்கொள்வது பொருந்தும். மேலாளராகவும் வாழ்க்கைத் துணையாகவும் இருந்த ஜேம்ஸ் டால்டன் 1921இல் மறைந்தார். டால்டனின் முதல் மனைவி மணவிலக்கிற்கு இசையாமையால், சட்டத்தின் பார்வையில் டிரெஸ்லர் அவருடைய மனைவி அல்லர். இறுதிச்சடங்கின் உரிமையும் அவருக்குக் கிட்டவில்லை.

இந்நிலையில் அவருக்கு உதவியவர் திரைக்கதையாசிரியர் பிரான்சஸ் மரியன். இளம் செய்தியாளராக இருந்தபோது தமக்கு டிரெஸ்லர் செய்த உதவியை மறவாத மரியன், 1927இல் எம்.ஜி.எம். நிறுவனத்தில் அவருக்கு வாய்ப்புப் பெற்றுத் தந்தார். ‘தி கலஹான்ஸ் அண்ட் தி மர்பிஸ்’ என்னும் அப்படம், தம் இனத்தை இழிவுபடுத்துவதாக ஐரிய அமெரிக்க அமைப்புகள் எதிர்த்தமையால் திரும்பப் பெறப்பட்டது. திரைவாழ்வு மீண்டும் தடைப்பட்டது.

பேசும்படமும் மூப்பின் மாண்பும்

பேசும்படத்தின் வருகை டிரெஸ்லரின் மேடைக்குரலுக்கு இடமளித்தது. 1930இல் வெளிவந்த ‘அன்னா கிறிஸ்டி’, கிரேட்டா கார்போ முதன்முதலில் பேசி நடித்த படம். யூஜின் ஓநீலின் நாடகத்தைத் திரைக்கு அமைத்தவர் மரியன். துறைமுகத்தில் குடியில் நாளைக் கழிக்கும் மார்த்தி என்னும் முதியவளாக டிரெஸ்லர் சிறிது நேரமே தோன்றுகிறார். படகோட்டியின் மகள் வருகிறாள் என்றறிந்ததும், அவனுடன் வாழ்ந்த படகைவிட்டுத் தானே விலகிச் செல்பவள் மார்த்தி. குடிகாரியின் தள்ளாட்டம் நகையைத் தூண்டுகிறது. அவளுடைய விட்டுக்கொடுத்தல் அந்நகையை அடக்குகிறது.

அதே ஆண்டில் வெளிவந்த ‘மின் அண்ட் பில்’ படத்தில் துறைமுக விடுதி நடத்தும் மின் என்பவளாக நடித்தார். பெற்றவள் கைவிட்ட சிறுமியை வளர்த்து, அவள் நல்வாழ்வுக்காகவே அவளைத் தன்னிடமிருந்து பிரிக்கிறாள் மின். பெண்ணின் வாழ்வைக் கெடுக்க வரும் தாயை இறுதியில் சுட்டுக்கொல்கிறாள். மணமக்களை ஏற்றிய படகு அகல்வதைக் கூட்டத்தில் மறைந்து நின்று பார்த்து மகிழும்போதே கைதாகிறாள். இப்பாத்திரத்திற்காக 1931 நவம்பர் 10 அன்று, 63ஆம் பிறந்தநாளுக்கு மறுநாள், சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் விருதைப் பெற்றார். மேரி பிக்ஃபோர்டு, நார்மா ஷியரர், டிரெஸ்லர் எனக் கனடாவில் பிறந்த மூவர் அடுத்தடுத்து இவ்விருதைப் பெற்றது குறிப்பிடத்தக்கது.

‘எம்மா’ (1932) படத்தில் ஒரு குடும்பத்தின் பிள்ளைகளை வளர்த்தெடுத்த இல்லப் பணியாளாகவும், ‘டக்போட் அன்னி’ (1933) படத்தில் இழுவைப் படகின் தலைவியாகவும் நடித்தார். டில்லி கனவிலிருந்து விழித்து முதுமை அடைந்தால் இப்பெண்களுள் ஒருத்தியாக இருப்பாள். ‘டின்னர் அட் எயிட்’ (1933) படத்தில் மட்டும் வேறுபட்டு, செல்வம் குன்றிய முன்னாள் நாடக நடிகையாகத் தோன்றினார். தாம் ஒரு நூலைப் படித்ததாக ஜீன் ஹார்லோ ஏற்ற பாத்திரம் கூறக் கேட்டு, டிரெஸ்லர் நடையில் தடுமாறும் இறுதிக்காட்சியில், மேடையில் பெற்ற உடற்பயிற்சி முழுவதும் ஒரு நொடியில் வெளிப்படுகிறது.

1932, 1933 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் திரையரங்க உரிமையாளர்களிடையே நடந்த கணிப்பில், வசூல் ஈட்டும் நடிகர்களுள் முதலிடம் அவருக்கே கிடைத்தது. அமெரிக்கா பொருளாதாரப் பெருமந்தத்தில் ஆழ்ந்திருந்த காலம் அது. வேலையிழந்தும் கடன்பட்டும் வாழ்ந்த மக்கள், தோற்றும் உழைப்பைக் கைவிடாத முதியவளிடம் தம்மைக் கண்டனர் என்று கருத இடமுண்டு.

மறைவு

புகழின் உச்சியில் புற்றுநோய் அவரைப் பற்றியது. படப்பிடிப்பு நேரம் குறைக்கப்பட்டது. ஆயினும் அவர் தொடர்ந்து நடித்தார். 1934 ஜூலை 28 அன்று கலிபோர்னியாவின் சாண்டா பார்பராவில் 65ஆம் வயதில் காலமானார். நெடுங்காலம் தம்முடன் இருந்த பணிப்பெண்ணுக்கும் அவர் கணவருக்கும் விருப்ப ஆவணத்தில் பொருள் ஒதுக்கியிருந்தார். கோபர்க்கில் அவர் பிறந்த இல்லம் இன்று நினைவிடமாக உள்ளது. 2008இல் கனடா அஞ்சல்துறை அவர் உருவம் பொறித்த தபால்தலையை வெளியிட்டது.

முடிவுரை

டிரெஸ்லரின் திரைப்புகழ் அறுபது வயதில் தோன்றியது எனினும், அதற்குரிய பாத்திரம் 1910இலேயே மேடையில் உருவாகிவிட்டது. அப்பாத்திரத்தின் பின்னுள்ள வாழ்க்கைப் பார்வை 1919இல் செயலாக வெளிப்பட்டது. பேசும்படம் அவருக்குப் புதிய கலையைத் தரவில்லை. அவரிடமிருந்த கலைக்குப் பெரிய அவையைத் தந்தது.

மூப்பைத் தொல்காப்பியம் இளிவரலின் நிலைக்களன்களுள் ஒன்றாகக் கொள்கிறது. எள்ளலுக்கும் இளிவரலுக்கும் உரியதெனக் கருதப்பட்ட உடலையும் வயதையும் டிரெஸ்லர் மறைக்கவில்லை. அவற்றைக் கண்டு அவையோர் நகைக்க முதலில் இடங்கொடுத்து, பின் அந்நகை மதிப்பாக மாறும்வரை பாத்திரத்தை வளர்த்துச் சென்றார். எள்ளப்பட்டவர் தாமே நகும் நகைக்கு உரையாசிரியர் வகுத்த இடம், நவீன அரங்கையும் திரையையும் ஆராய்வதற்கும் பயன்படும் என்பதற்கு அவர் கலை வாழ்வு சான்றாகிறது.