திண்ணைக்கு வந்த ரசாயனம்

ஓசூருக்குப் பக்கத்தில் தொரப்பள்ளி என்று ஒரு சின்ன கிராமம். தமிழும், தெலுங்கும், கன்னடமும் கலந்து புழங்கும் எல்லைப் பகுதி அது. அந்த ஊர் முன்சீப் வீட்டில் 1878-ம் ஆண்டு டிசம்பர் மாதம் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. தந்தையார் பெயர் சக்கரவர்த்தி வெங்கடார்யர். தாயார் சிங்காரம்மாள்.

திண்ணையும் தெருவுமாக வளர்ந்த அந்தப் பிள்ளை, பின்னாளில் டெல்லியில் வைஸ்ராய்கள் வாழ்ந்த மாளிகையில் குடியேறினார். சுதந்திர இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக இருந்த ஒரே இந்தியர் அவர்தான்.

ஆம், ராஜாஜிதான் அவர்!

தொரப்பள்ளி அந்தக் காலத்தில் சேலம் ஜில்லாவில் இருந்தது. 1965-ல் தர்மபுரி மாவட்டம் பிறந்தபோது அதில் சேர்ந்தது. 2004-ல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானபோது அதற்குப் போயிற்று. ஆகவே, ராஜாஜியை எங்கள் ஊர்க்காரர் என்று சொல்லிக்கொள்ள மூன்று மாவட்டத்தாருக்கும் உரிமை உண்டு!

அரசியல் ராஜாஜியை எல்லோருக்கும் தெரியும். வேதாரண்யத்தில் உப்பு எடுத்தவர், இரண்டு முறை சென்னை மாகாண ஆட்சியை நடத்தியவர், சுதந்திரா கட்சியைத் தொடங்கியவர் என்று சொல்லிக்கொண்டே போகலாம். ராமாயணமும் மகாபாரதமும் எழுதிய ராஜாஜியையும் தெரியும்.

விஞ்ஞானத்தைத் தமிழில் எழுதப் பேனா பிடித்த ராஜாஜி ஒருவர் உண்டு. அவரைத் தெரிந்தவர்கள் குறைவு. இது அவருடைய கதை.

எல்லாம் இங்கிலீஷ்!

தொரப்பள்ளியிலும் ஓசூரிலும் பள்ளிப் படிப்பு. பிறகு பெங்களூர் சென்டிரல் காலேஜ். அதன்பின் சென்னையில் சட்டப் படிப்பு. 1900-ம் ஆண்டு சேலத்தில் வக்கீல் தொழிலைத் தொடங்கினார். விரைவிலேயே பெயரும் பணமும் வந்து சேர்ந்தன.

அப்போதெல்லாம் மேல் படிப்பு முழுக்க முழுக்க இங்கிலீஷில்தான். கணக்கும் இங்கிலீஷ், ரசாயனமும் இங்கிலீஷ். வீட்டில் தமிழ் பேசும் பையன், வகுப்பில் தண்ணீரைப் பற்றிப் படிக்க வேண்டுமானாலும் இங்கிலீஷில்தான் படிக்க வேண்டும்.

அதனால் என்ன ஆயிற்று? இங்கிலீஷ் படித்த சில பேருக்கு மட்டும் விஞ்ஞானம் கிடைத்தது. காலரா ஏன் வருகிறது, பயிரில் பூச்சி ஏன் விழுகிறது என்பவை யாருக்கு முக்கியமாகத் தெரிய வேண்டுமோ, அவர்களுக்குத் தெரியவில்லை. ஏட்டில் இருந்த அறிவு வீட்டுக்கு வரவில்லை.

சேலத்தில் ஒரு சங்கம்

1916-ம் ஆண்டு. ராஜாஜிக்கு வயது முப்பத்தெட்டு. ஏறத்தாழ அந்தச் சமயத்தில்தான் அவர் மனைவி அலமேலு மங்கம்மாள் காலமானார். ஐந்து குழந்தைகள் தாயை இழந்து நின்றன. ஒரு பக்கம் குடும்பத் துயரம், மறுபக்கம் கோர்ட்டு வேலை.

அந்த நெருக்கடியிலும் அவர் ஒரு புது வேலையில் இறங்கினார். வெங்கடசுப்பையர் என்ற அறிஞருடன் சேர்ந்து சேலத்தில் ஒரு சங்கம் அமைத்தார். தமிழ் சாஸ்திர பரிபாஷைச் சங்கம் என்று பெயர். பரிபாஷை என்றால், ஒரு துறைக்கென்று வகுத்துக்கொண்ட சொற்கள். இன்று கலைச்சொற்கள் என்கிறோம்.

செடிகொடி நூல், ரசாயனம், பௌதிகம், வான நூல், கணிதம் ஆகியவற்றில் வரும் சொற்களுக்குத் தமிழ்ச் சொல் தேடுவதுதான் சங்கத்தின் வேலை.

இது தமிழுக்கு முதல் முயற்சி அல்ல. அதற்கு வெகுகாலம் முன்பே, யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் கிறீன் என்ற அமெரிக்க டாக்டர், தமிழ் மாணவர்களுக்குத் தமிழிலேயே வைத்தியம் கற்றுக்கொடுத்தார். அறுவை சிகிச்சைக்குத் தமிழில் புத்தகம் வந்தது. 1875-ல் ‘கெமிஸ்தம்’ என்ற ரசாயனப் புத்தகமும் வந்தது. கடல் கடந்து வந்த ஒருவர் செய்ததை நம்மவர்கள் செய்ய முடியாதா?

சேலத்துச் சங்கம் ஒரு பத்திரிகையும் நடத்தியது. அதில்தான் ஒரு வேடிக்கை. தமிழ்ச் சொற்களைத் தேடிய அந்தப் பத்திரிகை இங்கிலீஷில் வெளிவந்தது! படித்தவர்கள் கூடிப் பேச அன்று வேறு மொழி பழகவில்லை. நோய் எவ்வளவு ஆழமாக இருந்தது என்பதற்கு அதுவே சாட்சி.

மகாகவி பாரதியாரும் இந்த விஷயத்தில் அக்கறை கொண்டார். பரிபாஷைச் சொற்களைச் சேர்ப்பது எப்படி என்று அவரும் எழுதினார்.

சொல் மட்டும் போதுமா?

சொல் தேடுவது நல்ல வேலைதான். ஆனால், சொல்லைக் கண்டுபிடித்துவிட்டால் மட்டும் விஷயம் விளங்கிவிடுமா?

பிராணவாயு என்று ஒருவர் சொன்னார். ஆக்சிஜன் என்று இன்னொருவர் சொன்னார். உயிர்வளி என்றார் மூன்றாமவர். மூன்றில் எதைச் சொன்னாலும், விளக்கைக் குடத்தால் மூடினால் ஏன் அணைகிறது என்று சொல்லாதவரை, கேட்பவருக்கு ஒன்றும் புரியாது. புரிந்துவிட்டால் எந்தப் பெயரும் சரிதான்.

சாஸ்திர பரிபாஷை என்ற பெயரையே இன்று யாரும் சொல்வதில்லை. அறிவியல் கலைச்சொல் என்கிறோம். ரசாயனம், வேதியியல் ஆகிவிட்டது. பௌதிகம், இயற்பியல் ஆகிவிட்டது. ஐம்பது ஆண்டில் சொல் மாறும். விளக்கம் மாறாது.

ஆசிரமத்துப் பள்ளிக்கூடம்

ராஜாஜி 1920-ல் வக்கீல் தொழிலை விட்டார். அடுத்த ஆண்டே வேலூர் ஜெயிலுக்குப் போனார். 1925-ல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கினார். வசதியாக வாழ்ந்த வக்கீல், எளிய வீட்டில் கதர் வேலையும் மதுவிலக்கு வேலையும் பார்த்தார்.

கிராம மக்களோடு தினமும் பேச வேண்டிய இடம் அது. நெசவாளி வருவார். உழவர் வருவார். கோர்ட்டில் பேசிய பேச்சு அங்கே செல்லுபடியாகாது.

1929-ல் ஆசிரமத்திலிருந்து ‘விமோசனம்’ என்ற பத்திரிகை வந்தது. குடியின் கேட்டைச் சொல்வதற்காகவே நடந்த பத்திரிகை. கல்கி கிருஷ்ணமூர்த்தி அங்கேயே தங்கி அவருக்குத் துணையாக இருந்தார். கதையும், படமும், கணக்குமாக விஷயத்தைச் சொன்னார்கள். 1930-ல் உப்பு சத்தியாக்கிரகம் வந்தது. பத்திரிகை நின்றது. ஆனால் ராஜாஜியின் தமிழ் நடை நிலைத்தது.

அந்த நடை எப்படிப்பட்டது? வாக்கியம் சின்னது. சொல் தெரிந்த சொல். ஒரு வாக்கியத்துக்கு ஒரு விஷயம். எழுத்துக் கூட்டிப் படிப்பவரும் மூச்சு வாங்காமல் படிக்கலாம்.

தமிழில் முடியுமா?

இந்த நடையில்தான் அவர் விஞ்ஞானத்தையும் எழுதினார். ‘தமிழில் முடியுமா?’ என்று ஒரு புத்தகத்துக்குப் பெயர் வைத்தார். கேள்வியே பெயர்! புத்தகமே பதில்! ‘திண்ணை ரசாயனம்’ என்று ஒன்று எழுதினார். செடிகொடிகளைப் பற்றியதற்கு ‘தாவரங்களின் இல்லறம்’ என்று பெயர் சூட்டினார்.

இந்தப் பெயர்களைக் கொஞ்சம் கவனியுங்கள்.

ரசாயனம் என்றால் பயம் வரும். கண்ணாடிக் குழாயும், எரிக்கும் திராவகமும் நினைவுக்கு வரும். திண்ணை என்றால் பயம் வருமா? வழிப்போக்கன் உட்காரும் இடம் அது. பாட்டி வெற்றிலை போடும் இடம், பக்கத்து வீட்டுக்காரர் பேப்பர் படிக்கும் இடம். ரசாயனத்தை அங்கே கொண்டுவந்து உட்கார வைத்தார் ராஜாஜி.

இல்லறம் என்றால் குடும்பம் நடத்துகிறவர்களுக்கெல்லாம் தெரியும். பூவும், மகரந்தமும், வண்டும், காயும் ஒரு குடும்பக் கதை என்று சொல்லிவிட்டால், பாதிப் பாடம் அப்போதே முடிந்துவிட்டது.

மொழி விஷயத்தில் ராஜாஜி எல்லோருக்கும் நல்லவராக இருக்கவில்லை. முதலில் ஆட்சிக்கு வந்தபோது, 1938-ல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கினார். தமிழகமே கொதித்தது. 1940-ல் அந்தக் கட்டாயம் நீங்கியது. பின்னாளில் அவரே, இந்தி மட்டும் ஆட்சிமொழியாவதை எதிர்த்து நின்றார். இந்தச் சண்டைகளில் யார் எந்தப் பக்கம் நின்றாலும், விஞ்ஞானத்தைத் தமிழில் சொல்ல முடியும் என்று அவர் எழுதியே காட்டியதை மறுக்க முடியாது.

அவருக்குத் துணையாகப் பலரும் உழைத்தார்கள். அவரைப் போலவே சட்டம் படித்த பெ.நா. அப்புசாமி (1891–1986) பல பத்தாண்டுகள் தமிழில் விஞ்ஞானம் எழுதினார். பெரியசாமித் தூரன் ஆசிரியராக இருந்து, தமிழ்க் கலைக்களஞ்சியத்தைப் பத்துத் தொகுதிகளாக 1968-க்குள் முடித்தார்.

நீங்களும் எழுதலாம்

இந்த வேலை இன்னும் தீரவில்லை. தர்மபுரி, கிருஷ்ணகிரி கிராமங்களைப் பாருங்கள். பல இடங்களில் பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறை. எவ்வளவு தேய்த்தாலும் போகாது. பல் விளக்கவில்லை என்று பிள்ளைக்கு அடி விழுகிறது. ஆனால், தவறு பிள்ளையிடம் இல்லை. தண்ணீரில் இருக்கிறது!

பள்ளி ஆசிரியரோ, கல்லூரி மாணவரோ இதை எழுத உட்கார்ந்தால் எப்படித் தொடங்குவது? ராஜாஜியின் திண்ணையை நினைத்துக்கொண்டு தொடங்கலாம்.

முதலில், படிக்கப் போகிறவர் ஒருவரை மனதில் உட்கார வையுங்கள். உங்கள் தெருவில் இருக்கும் ஓர் அம்மாவாக இருக்கட்டும். பேராசிரியர் வேண்டாம்.

இரண்டாவது, அந்த அம்மா கண்ணால் கண்டதில் தொடங்குங்கள். புளோரைடு என்று ஆரம்பித்தால் பக்கத்தைப் புரட்டிவிடுவார். பல் கறை என்று ஆரம்பித்தால் நிமிர்ந்து உட்காருவார்.

மூன்றாவது, ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். கறை ஏன் வந்தது? அது போதும். தெரிந்ததையெல்லாம் ஒரே கட்டுரையில் கொட்டாதீர்கள்.

நான்காவது, காரணத்தைப் படிப்படியாகச் சொல்லுங்கள். மழைத் தண்ணீர் பூமிக்குள் இறங்குகிறது. பாறை இடுக்கில் பல காலம் தங்குகிறது. பாறையில் உள்ள ஒரு பொருள் அதில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. போர்வெல் அந்தத் தண்ணீரை மேலே கொண்டுவருகிறது. பல் உருவாகும் வயதில் அதைக் குடிக்கும் பிள்ளைக்குப் பல்லில் கறை விழுகிறது. பல ஆண்டுகள் அதிகமாகக் குடித்தால் எலும்பும் மூட்டும் கெடுகின்றன. இவ்வளவும் சொன்ன பிறகு, அந்தப் பொருளுக்குப் புளோரைடு என்று பெயர் என்று சொல்லுங்கள். இனி அந்தப் பெயர் மறக்காது.

ஐந்தாவது, கணக்கைக் கைக்கு எட்டும்படி சொல்லுங்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் 1.5 மில்லிகிராமுக்கு மேல் புளோரைடு கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். இது யாருக்கு விளங்கும்? மாடியில் இருக்கும் ஆயிரம் லிட்டர் தொட்டியில் ஒன்றரை கிராம் என்று சொல்லுங்கள். ஒரு சின்னத் தங்கக் கம்மலின் எடை! அவ்வளவுதான் எல்லை.

ஆறாவது, என்ன செய்ய வேண்டும் என்று சொல்லி முடியுங்கள். தண்ணீரைக் காய்ச்சினால் கிருமி சாகும், புளோரைடு போகாது. கிணற்றுத் தண்ணீரைச் சோதனைக்குக் கொடுக்க வேண்டும். இந்த இரு மாவட்டங்களுக்கும் 2013 முதல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் காவிரித் தண்ணீர் வருகிறது. குடிக்கவும் சமைக்கவும் அதைப் பயன்படுத்துவது நல்லது.

கடைசியாக, எழுதியதை யாரிடமாவது உரக்கப் படித்துக் காட்டுங்கள். எந்த இடத்தில் அவர் புருவத்தைச் சுருக்குகிறாரோ, அந்த இடத்தை மறுபடி எழுதுங்கள். குறை அவரிடம் இல்லை, நம் எழுத்தில்தான்.

கடைசிவரை எழுத்து

கவர்னர் ஜெனரல் பதவி 1950-ல் முடிந்தது. 1954-ல் பாரத ரத்னா விருது வந்தது. ‘சக்கரவர்த்தித் திருமகன்’ நூலுக்கு 1958-ல் சாகித்திய அகாடமி பரிசு கிடைத்தது. பட்டமும் பதவியும் வந்து போயின. பேனா மட்டும் கையை விட்டுப் போகவில்லை. 1972-ம் ஆண்டு டிசம்பர் 25-ந் தேதி, தொண்ணூற்று நான்கு வயதில் ராஜாஜி காலமானார்.

சேலத்தில் சங்கம் வைத்தபோது, சொல்லைத் தேடி இங்கிலீஷில் பத்திரிகை போட்டவர் அவர். பிறகு, தமிழனின் வீட்டு வாசலுக்கே வந்து உட்கார்ந்தார்.

இப்போது கட்டும் வீடுகளில் திண்ணை இல்லை. அதனால் என்ன? பல் கறை ஏன் என்று கேட்கும் பிள்ளைக்குப் பதில் சொல்ல ஒருவர் உட்கார்ந்தால், அந்த இடம்தான் திண்ணை!